மீன்முள் படமும் மகளின் மௌனமும்

வீட்டில் ஓயாமல் கதைக்கும் என் நான்கு வயது மகள், கண்டியில் தமிழ்ப் பாலர் பாடசாலைக்குப் போனால் வாயே திறப்பதில்லை. பயந்துபோனேன். ஒரு சிக்கலின் காரணங்களைத் தேட வேலையிடத்தில் பழகிய மீன்முள் படத்தைக் கலண்டர் தாளின் பின்புறம் வரைந்தேன். தலையில் 'மௌனம்', முட்களில் ஆசிரியை, பிள்ளைகள், சாப்பாடு, பயணம்.

"மீன் குழம்பு கேட்டா முள்ளைக் கீறித் தாறீர்," என்று கணவர் சிரித்தார்.

ஒவ்வொரு முள்ளிலும் 'ஏன்?' என்று கேட்டு, காரணமில்லாததைக் கோடிட்டு அடித்துக்கொண்டே வந்தவள், பயணம் என்ற முள்ளில் திடுக்கிட்டு நின்றேன். அது யுத்த காலம்; தமிழ் கதைத்தாலே சந்தேகமாய்ப் பார்ப்பார்கள். எங்கள் தமிழ் யார் காதிலும் விழக்கூடாதென்று, பஸ்ஸில் ஏறியதும் அவள் கையை அழுத்துவேன். உடனே வாயை மூடிக்கொள்வாள். பாடசாலையடியில் இறங்கியபின், இனிக் கதைக்கலாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை!

மறுநாள் பாடசாலை வாசலில் குனிந்தேன். "இனிக் கதைக்கலாம், குஞ்சு."

"சத்தமாவோ?"

"ஓம், சத்தமா."

"டீச்சர், எங்கட பூனை குட்டி போட்டிட்டுது!" என்று கத்தியபடி உள்ளே ஓடினாள். எனக்கு வீதியிலேயே துள்ள வேண்டும் போலிருந்தது.

பாடசாலை விட்டு அவளோடு திரும்பும் பஸ்ஸில் தயங்கித் தயங்கி மறுபடி அவள் கையை அழுத்தினேன். சிரித்துக்கொண்டே வாயை மூடினாள். எங்கள் தமிழை ஏன் ஒளிக்கவேண்டும் என்று நான் கேட்காமல் விட்ட கடைசி 'ஏன்' அந்தப் பஸ்ஸில் எங்களோடு வந்தது.