விலையை ஏற்றிக்கொண்டே போன வீட்டுக்காரர்

திருநின்றவூரில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. வாடகை வீட்டிலேயே தலை நரைத்துப்போன எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கை வைத்த பனியன், சாயம் பூசிய மீசை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வண்டிகளை எடைபோடுவதுதான் அவருக்கு முழுநேர வேலை. விலை ஐம்பது லட்சம் என்றார்.

நான் புத்திசாலி அல்லவா? அவசரப்படாமல் முதலில் மச்சானை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். அடுத்து மனைவியும் அவள் அக்காவும் போனார்கள். கடைசியாக வாஸ்து பார்ப்பவர். எல்லோரும் தலையாட்டிய பிறகு, வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கொடுக்கப் போனேன்.

"அறுபது," என்றார்.

"என்னண்ணே, போன வாரம் அம்பதுன்னீங்களே?"

"அது போன வாரம் நைனா. அப்பால எத்தினி பேரு வந்து பாத்துட்டுப் போனாங்கோ தெரியுமா? வாஸ்துக்காரரைக் கூட இட்டுகினு வந்தாங்கோ. ஊட்டுக்கு அம்மாம் கிராக்கி கீது."

"ஐயோ, அவங்க எல்லாருமே நான் அனுப்பின ஆளுங்கண்ணே!"

மீசையைத் தடவினார். "அப்போ உனுக்கே இவ்ளோ ஆசை கீது. அறுவத்தி ரெண்டா குட்த்துடு."

வெற்றிலையோடு திரும்பினேன். மனைவி அந்த வெற்றிலையைத் தொடவே இல்லை.

இப்போது அந்த வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கிறோம். 'வீடு விற்பனைக்கு' பலகை வெளுத்துவிட்டது, மீசை வெளுக்கவில்லை. விலை எழுபதாம். போன வாரம் கூப்பிட்டுச் சொன்னார்: "பாத்தியா, எல்லா வண்டியும் நம்ம ஊட்டாண்ட வந்தா ஸ்லோ ஆவுது."

அவர் வாசலுக்கு நேராக வேகத்தடை போட்டிருக்கிறார்கள்.

ஸ்டேஷனுக்குப் போகும்போது நானும் அங்கே பிரேக் பிடிக்கிறேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்கிறார். இன்னொரு லட்சம் ஏறியிருக்கும்.