பாலம் இடியும் காட்சி

சுப்பையாவுக்குச் சினிமா பிடிக்காது என்று சொல்ல முடியாது. வீட்டில் டிவியில் பழைய படம் போட்டால் கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பார். கூட்டத்தோடு உட்கார்ந்து பார்ப்பதுதான் ஆகாது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, புனே பக்கத்தில் தேஹு ரோடு ராணுவ வெடிமருந்து டெப்போவில் பெட்டி தூக்குகிற வேலைக்குச் சேர்ந்து, கிடங்குப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவர். வெடிமருந்துப் பெட்டியைத் தரையில் வைத்தால் வைத்த சத்தம் கேட்கக்கூடாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. யாராவது டம்ளரைத் தட்டி வைத்தால் முகம் சுளிப்பார்.

தொண்ணூறுகளில் ஓர் ஆங்கிலப் படத்தின் முதல் பாகம் வந்தபோது மகன் ஹரீஷ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவன் நச்சரிப்பு தாங்காமல் கூட்டிக்கொண்டு போனார். வேற்றுக் கிரகம் ஒன்றில் கடல் பொங்கி நகரத்தை விழுங்குகிறது. நகரம் மூழ்க மூழ்க ஜனங்கள் விசிலடித்துக் கைதட்டினார்கள்.

“இத்தன பேரு சாவுதாவ, இவனுவ கைதட்டுதானுவ” என்றார் சுப்பையா.

“அப்பா, அது தண்ணியே இல்லப்பா. எல்லாம் கம்ப்யூட்டர்” என்றான் ஹரீஷ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் கடைசியில் அந்த வேலைக்கே போனான். வெளிநாட்டுப் படங்களுக்குக் கிராபிக்ஸ் செய்துகொடுக்கும் நிறுவனம் ஒன்று புனேயில் இருந்தது. அதே படத்தின் இரண்டாம் பாகத்தில் ஒரு துண்டு வேலை அவர்களுக்கு வந்தபோது ஹரீஷ் வீட்டுக்குப் பேடா வாங்கிவந்தான். என்ன வேலை என்று அம்மா ஆனந்தவல்லி கேட்டாள்.

“நடிகருங்களைக் கயிறு கட்டித் தொங்க விட்டிருப்பாங்கம்மா. ஒவ்வொரு ஃபிரேமா எடுத்து அந்தக் கயித்தை நான் அழிக்கணும். பாலம் இடியற சீன் மொத்தமும் எனக்குத்தான். ஒழுங்கா அழிச்சா, நான் அழிச்சதே யாருக்கும் தெரியாது.”

“தெரியாத வேலைக்கா இம்புட்டுப் பாடு?” என்றாள் ஆனந்தவல்லி. அவன் சிரித்தான்.

மூன்று மாதம் அந்தப் பாலத்தோடு கிடந்தான். ஒரு நாள் விடியற்காலை வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது, நெடுஞ்சாலையில் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதி அங்கேயே உயிர்விட்டான். தூங்கியிருப்பான் என்றார்கள்.

அதன்பிறகு ஒரு வருஷம் கழித்துப் படம் வந்தது. ஹரீஷின் குழுவுக்குத் தலைவியாக இருந்த பார்கவி, கோயம்புத்தூர்ப் பெண், போன் செய்தாள். “அங்கிள், நாங்க எல்லாரும் சேர்ந்து போறோம். நீங்களும் ஆன்ட்டியும் வரணும். ஹரீஷோட ஷாட் வருதுங்க.” ஆனந்தவல்லி தன்னால் பார்க்க முடியாது என்றாள். “நீங்க போங்க. போய்ப் பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லுங்க. எப்படி இருந்துச்சுன்னு ஒண்ணுவிடாம சொல்லணும்.”

பிம்ப்ரியில் புதிதாகக் கட்டியிருந்த பெரிய தியேட்டர். வாசலிலேயே வெண்ணெய் வாடை குமட்டியது. முப்பரிமாணப் படம் பார்க்கக் கையில் ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். அதன் காதுப்பிடி யாரோ விட்டுப்போன எண்ணெயில் பிசுபிசுத்தது. வேட்டி நுனியால் துடைத்தார், போகவில்லை. நாற்காலியின் கைப்பிடிக் குழியில் முந்தைய ஆட்டத்துச் சோளப்பொரியும் எச்சில் உறிஞ்சுகுழாயும் கிடந்தன.

ஹரீஷின் நிறுவனத்து இளைஞர்கள் இருபது முப்பது பேர், எல்லாரும் ஒரே மாதிரிப் பனியன் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாங்கள் வேலை செய்த படம் வந்தால் கூட்டமாகப் போய், அவரவர் செய்த காட்சி வரும்போது எழுந்து நின்று கத்துவார்கள். அரங்கமே திரும்பிப் பார்க்கும். அதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை. பார்கவி அதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தாள். “கொஞ்சம் சத்தமா இருக்கும் அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க.”

படம் தொடங்கியது. கப்பல்கள் முகத்துக்கு நேரே பறந்து வந்தன. கறுப்புக் கண்ணாடி போட்ட முந்நூறு தலைகள் ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்தன. “அயிலா, காய் கிராபிக்ஸ் ஆஹே” என்று மராத்தியில் கிராபிக்ஸை வியந்தான் பின்வரிசைக்காரன் ஒருவன். “ஸ்டோரி கஹான் ஹை யார்?” என்று இந்தியில் கதையைத் தேடினான் பக்கத்திலிருந்தவன். “ஸ்டோரி எவனுக்கு வேணும், குடுத்த காசுக்குப் பைசா வசூல்” என்று தமிழில் பதில் சொன்னான் ஹரிபிரசாத். அவன் ஹரீஷோடு ஒரே மேசையில் வேலை செய்தவன். ஒரு கிரகம் வெடித்துச் சிதறியது. ஒரு குழந்தை சத்தமாகக் கொட்டாவி விட்டது. யாரோ ஏப்பம் விட, நான்கு பேர் சிரித்தார்கள். கண்ணை மூடினால் பிள்ளை செய்த காட்சி போய்விடும் என்று சுப்பையா மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

“இப்ப வருது அங்கிள்” என்று அவர் தோளைத் தொட்டாள் பார்கவி.

பாலம் இடிந்தது. பத்துப் பேர் அந்தரத்தில் தொங்கித் தொங்கி விழுந்தார்கள். கயிறு எங்கேயும் இல்லை. வரிசை முழுவதும் எழுந்து நின்று “ஹரீஷ், ஹரீஷ்” என்று கத்தியது. சுப்பையா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். அப்போது முன்வரிசையில் ஒருவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளி எழுந்தான். “மேரா ஷாட், மேரா ஷாட்” என்று அது தன்னுடையது போலக் கத்தினான். ஹரிபிரசாத் பாய்ந்து அவன் பனியனைப் பிடித்து உட்காரவைத்தான். அவன் காதில் ஏதோ சொன்னான். அந்தப் பையன் திரும்பிச் சுப்பையாவைப் பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

இடைவேளையில் சுப்பையா பார்கவியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அந்தப் பையன் யாரும்மா?”

“ஜெபகுமார்ங்க அங்கிள். புதுசா வந்தவன். அவனுக்கு நாங்க சொல்ல மறந்துட்டோம்.”

“என்ன சொல்ல மறந்திய?”

அவள் அழுதுகொண்டே சொன்னாள். ஹரீஷ் போன பிறகு வெளிநாட்டுக்காரர்கள் அந்தக் காட்சியையே மாற்றி மறுபடி எடுத்து அனுப்பினார்கள். ஹரீஷ் செய்தது மொத்தமும் வேண்டாம் என்றார்கள். புதியதை ஜெபகுமார் செய்தான்.

“வேஸ்ட்டா போச்சுன்னு உங்ககிட்ட எப்படிங்க சொல்றது? அதான் எல்லாரும் பேசி வச்சுக்கிட்டு...”

“சரி. அவன் செஞ்சது எங்க இருக்கு? அதப் பாக்கலாமா?”

“இல்லைங்க அங்கிள். ப்ராஜெக்ட் முடிஞ்சா எல்லாத்தையும் அழிச்சிருவாங்க. அதான் ரூல்.”

ஹரிபிரசாத் சமோசாத் தட்டோடு வந்தான். “அங்கிள், சாப்பிடுங்க. செகண்ட் ஹாஃப் இன்னும் சூப்பரா இருக்கும்.” அவன் விரல் நுனிகளில் சிவப்புச் சட்னி ஒட்டியிருந்தது. சற்றுமுன் பிள்ளையின் பெயரைக் கத்திய வாயில் சமோசா அசைந்தது. கண்ணாடியை அவன் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சுப்பையா வெளியே நடந்தார்.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது ஆனந்தவல்லி வாசலில் நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுச் செல்வமேரியும் கூட இருந்தாள்.

“பாத்தியளா? பிள்ளையோடது வந்துச்சா?”

“அண்ணே, நாங்க ஞாயித்துக்கிழமை போறோம்” என்றாள் செல்வமேரி. “எந்த எடம்னு சொல்லுங்க, பசங்களுக்குக் காட்டணும்.”

வழியெல்லாம் அந்தக் கூச்சல் அவர் காதில் இருந்தது. யாரோ எச்சில் கையால் பிள்ளையைத் தொட்டுவிட்டது போல் இருந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவர அவருக்கு மனமில்லை.

“அதுல அவன் வேலை இல்ல. தூக்கிட்டானுவ. வேற ஒருத்தன் செஞ்சதுக்கு இவனுவ நம்ம பிள்ளை பேரைச் சொல்லிக் கத்துனானுவ. நான் பாதியில வந்துட்டேன்.”

செல்வமேரி தன் வீட்டுக்குள் போனாள். ஆனந்தவல்லி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அந்தப் பிள்ளைங்க ஒரு பொய் சொல்லிச்சுங்கள்ல” என்றாள். “அதையாவது எனக்குக் கொண்டாந்து குடுத்திருக்கலாம்ல நீங்க?”

அவள் உள்ளே போய்ச் சோற்றுப் பானையை மேடைமேல் ஓங்கி வைத்தாள். சுப்பையா வாசல் குழாயடியில் நின்று கையைக் கழுவினார். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினார். உள்ளே போகவில்லை.