துணை வேண்டாத பெட்டி

சனிக்கிழமை பிற்பகல் மூன்று இருபது. தர்ஷினி காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, டீ போடலாம் என்று எழுந்தேன். டீயோடு திரும்பியபோது நாற்காலி காலி. கைப்பேசி அங்கேயே கிடந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. ஹெட்போனுக்குள் முகம் தெரியாத நான்கு பேர் இன்னும் என் மகளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவளால்தான் தோற்றார்களாம். பதினான்கு வயதுப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா அது.

அந்த இணைய விளையாட்டை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அதற்கு முன் அவளிடம் ஒரு பழைய கேம் பெட்டி இருந்தது. இணையம் வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம். திரையில் கத்தரி நடுவாள், மழைக்குக் காத்திருப்பாள், தனக்குத்தானே பேசிக்கொள்வாள். அந்தப் பேச்சுதான் எனக்குப் பயம்.

பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். செமோர் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், எங்கள் வீட்டில் எனக்கும் ஒரு கேம் பெட்டி இருந்தது. கேட்ரிட்ஜை ஊதி ஊதிப் போட வேண்டும். பால் வெட்டிவிட்டு வந்த அம்மா, புளித்த ரப்பர் வாடையோடு என் பின்னால் நின்று, "தனியா பேசிக்கிட்டே இருந்தினா தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ல ஏத்திருவேன்டா" என்பார். மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் பள்ளியில் அடி வாங்கி வந்த நாட்களில் என்னைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பெட்டிதான். அதில் நூறு தரம் செத்தாலும் பார்க்க ஆளில்லை. தோட்டத்து ஜெனரேட்டர் நிற்பதற்குள், திரையில் வரும் எழுத்துகளை நாட்காட்டித் தாளில் குறித்துக்கொள்வேன். மறுநாள் அவற்றைத் தட்டினால், விட்ட இடம் அப்படியே எனக்காகக் காத்திருக்கும்.

இவ்வளவும் தெரிந்தவன், அப்பனானதும் அம்மாவின் கேலியை மட்டும் நம்பினேன். தீபாவளிக்கு வீட்டை ஒதுக்கியபோது, அவள் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து, பெட்டியை, ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர் லாரியில் ஏற்றிவிட்டேன். எங்கே என்று அவள் கேட்டதற்கு, லாரியில் போட்டுவிட்டேன் என்றேன். "நாலு பேரோட வெளாடு லா, தோழிங்க கெடைப்பாங்க" என்று புதியதைக் கையில் கொடுத்தேன். நாலு பேர் கிடைத்தார்கள்.

மனைவி தோழிகளுக்குப் போன் அடித்தாள். அடிக்க இரண்டு எண்கள்தான் இருந்தன. நான் பேருந்து நிலையம், நூலகம் என்று காரை ஓட்டினேன். ஆற்றோரத்தில் மட்டும் இறங்கிப் பார்க்கக் கால் வரவில்லை. என்ன நினைத்தேனோ, செமோருக்கும் போனேன். லயம் இருந்த இடத்தில் புதிதாகக் கட்டிய வரிசை வீடுகள், எல்லா வாசலிலும் கார். காவல் நிலையத்தில் "எங்கே போவாள்?" என்று கேட்டார்கள். என் பிள்ளை எங்கே போவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழு மணிக்கு அந்தப் பேப்பர் லாரி, ஒலிபெருக்கி இல்லாமல், எங்கள் வீட்டு முன் வந்து நின்றது. ஓட்டி வந்த அக்கா இறங்கினார்.

"அண்ணே, பாப்பா நம்ம ஸ்டோர்ல வந்து பழைய சாமானெல்லாம் கிளறிக்கிட்டு இருந்துச்சு. அதெல்லாம் அப்பவே ஒடைச்சாச்சும்மான்னு சொன்னேன், கேக்கல. வீடு எங்கன்னு இப்பதான் வாயத் தொறந்துச்சு."

தர்ஷினி மெல்ல இறங்கினாள். விரலெல்லாம் கறுப்பு எண்ணெய். அவள் அழவில்லை.

"பாதியில நிறுத்தி வச்சிருந்தேன்பா," என்றாள்.