பேக்கரிக்காரர் போட்ட ரவுடி வேஷம்

என் புத்தகங்களில் இதுவரை ஒரு ரவுடிகூடத் திருந்தாமல் போனதில்லை. கத்திக்குத்து வாங்குவான், ஆனால் தோளில்தான் வாங்குவான். துப்பாக்கியால் சுடுவார்கள், குண்டு காதோரமாகப் போய்விடும். கடைசி அத்தியாயத்தில் அவன் மண்டியிட்டு அழ வேண்டுமே, அதற்குள் சாகடித்துவிட்டால் நான் என்ன செய்வது? எங்கள் பங்குக் கோயில் வாசல் கடையில் ஜெபமாலைக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவே என் துப்பறியும் நாவல்கள் கிடக்கும். அட்டையில் ஒரு பக்கம் அரிவாள், இன்னொரு பக்கம் சிலுவை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற பெண்பிள்ளை இப்படி வெட்டும் குத்துமாக எழுதுகிறாளே என்று கொடைக்கானலில் பலருக்கு ஆச்சரியம். எட்டாம் வகுப்பில் ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பார்த்தால் அந்த ஆச்சரியம் தீர்ந்துவிடும்.

எனக்கு ஒரு நிரந்தர வாசகர் உண்டு. ஜீப் ஓட்டுகிறவர். மன்னவனூரிலிருந்து காரட்டும் பூண்டும் மூட்டை மூட்டையாக ஏற்றி வருவார், சீசன் நேரத்தில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிப் போவார். எங்கள் வீட்டு வாசலில் குனிந்துதான் நுழைய முடியும், அப்படி ஒரு ஆகிருதி. ஜீப்புக்கு முன்னால் அவர் பார்த்தது திண்டுக்கல்லில் அடியாள் வேலை. மாமூல் தராத கடைகளுக்குள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நுழைவது. ஒருநாள் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனார். அங்கே வாரம் தவறாமல் வந்த கன்னியாஸ்திரிகள் பேசியதைக் கேட்டு, வெளியே வந்ததும் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு மலைக்கு வந்து சேர்ந்தார்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. அவரே மைக் பிடித்துச் சாட்சி சொல்லுவார். தாண்டிக்குடி, பெரும்பாறை என்று ஜெபக்கூட்டம் நடக்கிற இடத்துக்கெல்லாம் அவரைக் கூப்பிடுவார்கள். பேக்கரி ஒன்றின் கண்ணாடி அலமாரியை எட்டி உதைத்த கதையைச் சொல்லும்போது கூட்டம் மூச்சுவிடாது. மனம் திரும்பிய கதைக்கு வரும்போது கைக்குட்டைகள் வெளியே வரும். நானும் அழுதிருக்கிறேன். மறுநாள் அதில் பாதியை நாவலில் சேர்த்தும் இருக்கிறேன்.

ஆனால் அவர் என் நாவல்களைப் படிக்கிற விதம் இருக்கிறதே, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டையைத் தாண்டிவிடுவார். கொலைகாரன் யார் என்று நான் மூளையைக் கசக்கி ஒளித்துவைத்ததையும் தாண்டிவிடுவார். நேரே கடைசிப் பக்கம். படித்துவிட்டு, "மன்னிச்சிட்டாங்க டீச்சர்," என்று என்னிடமே வந்து சொல்லுவார், ஏதோ அது எனக்குத் தெரியாதது மாதிரி. முகம் அப்படி மலர்ந்திருக்கும். அதைப் பார்த்த பிறகு திட்ட மனசு வராது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அவர் உதைத்து நொறுக்கிய அலமாரிக்குச் சொந்தக்காரர் எங்கள் பங்கில்தான் இருந்தார். திண்டுக்கல் கடை போன பிறகு மனைவியோடு கொடைக்கானலுக்கு வந்து, புதிதாக அடுப்புக் கட்டி, மறுபடியும் பேக்கரி போட்டவர். ஒடிசலான மனிதர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கோயிலில் அவரை முதன்முதலாகப் பார்த்த அன்று ஜீப்காரர் பூசை முடியும்வரை தூணுக்குப் பின்னாலேயே நின்றாராம். மறுநாள் கடைக்குப் போய், ஒரு ரொட்டி வாங்கி, மன்னித்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பேக்கரிக்காரர் ரொட்டி கொடுத்தார், மீதிச் சில்லறை கொடுத்தார், பதில் மட்டும் கொடுக்கவில்லை.

அதன்பிறகு ஜீப்காரர் ஒரு ரொட்டி வாங்குவது, ஒரு மன்னிப்புக் கேட்பது என்று இதையே வழக்கமாக்கிக்கொண்டார். வீட்டில் சோறு வடிப்பதே குறைந்துபோய்விட்டது, பிள்ளைகள் ரொட்டியைப் பார்த்தாலே ஓடுகின்றன என்று அவருடைய மனைவி என்னிடம் முறையிட்டிருக்கிறாள்.

ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரம் ஒன்று உண்டு. பங்குத் தந்தை சொன்னதும் எல்லோரும் அக்கம்பக்கம் திரும்பிக் கும்பிடுவோம். பேக்கரிக்காரர் வலப்பக்கம் கும்பிடுவார், இடப்பக்கம் கும்பிடுவார், முன்வரிசைக்காரர் திரும்பினால் அவருக்கும் ஒரு கும்பிடு போடுவார். பின்னால் மட்டும் திரும்பமாட்டார். அங்கே ஜீப்காரர் குவித்த கையோடு நின்றுகொண்டிருப்பார். பாட்டு ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கை இறங்கும்.

பார்க்கிற எங்களுக்கு எல்லாம் பேக்கரிக்காரர் மேல்தான் கோபம். இவ்வளவு பெரிய ஆள் இத்தனை தரம் கேட்கிறாரே, இந்த மனிதனுக்குக் கல்மனசா என்று பெண்கள் சங்கத்தில் பேசாத நாளில்லை. அதில் என் குரலும் சத்தமாகவே கேட்கும்.

போன கிறிஸ்துமஸுக்கு நாடகம் எழுதித் தரும்படி பங்குத் தந்தை கேட்டார். என்னிடம் கேட்டால் என்ன வரும்? ஒரு ரவுடி, ஒரு கடைக்காரர், உடைகிற கடை, கடைசியில் மண்டியிடல். ரவுடி வேஷத்துக்கு ஆள் தேட வேண்டிய சோலியே இல்லை என்று எல்லோரும் ஜீப்காரரைப் பார்த்தோம். அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அந்த வேஷம் போட்டது போதும், வேண்டுமானால் ஆடு மேய்க்கிறவனாக ஒரு ஓரமாய் நிற்கிறேன் என்றார். மன்னவனூர் ஆட்டுப் பண்ணைப் பக்கம் தினம் போய்வருகிறவருக்கு அது பொருத்தம்தான். ஆனால் என் நாடகத்தில் ஆடே கிடையாது.

இளைஞர் குழுவில் கேட்டால் ஒருத்தனும் முன்வரவில்லை. நிஜ ரவுடி முன்னால் போலி ரவுடியாக நிற்க எவனுக்குத் தைரியம் வரும்? அப்போதுதான் கூட்டத்துக்கு ரஸ்க் கொண்டுவந்திருந்த பேக்கரிக்காரர் தட்டைக் கீழே வைத்தார்.

"நான் போடுறேன் டீச்சர். அடிச்சவன் எப்படி நின்னான்னு அடி வாங்குனவனுக்குத்தான் நல்லாத் தெரியும். ஆனா கடைக்காரரா அவருதான் நிக்கணும்."

யாரும் ரஸ்க்கைத் தொடவில்லை. ஜீப்காரர் எழுந்து நின்று சரி என்றார்.

ஒத்திகை ஆரம்பித்த பிறகு எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பத்து வார்த்தை மனிதருக்குள் இவ்வளவு பெரிய தொண்டை இருந்தது யாருக்குத் தெரியும்? கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மையால் வரைந்த மீசையோடு அவர் போட்ட சத்தத்தில் பங்குத் தந்தை வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அட்டையிலும் கண்ணாடித் தாளிலும் பையன்கள் செய்துவைத்த அலமாரியை ஒவ்வொரு ஒத்திகையிலும் உண்மையாகவே உதைத்து நொறுக்கினார். உதைப்பது மாதிரி நடித்தால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே. ஜீப்காரரோ தன் உடம்பை எப்படிச் சுருக்குவது என்று தெரியாமல் மேசைக்குப் பின்னால் திண்டாடினார். தலையை மறைத்தால் முதுகு தெரியும், முதுகை மறைத்தால் தலை தெரியும்.

ஒருநாள் ஜீப்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, அடிக்க வேண்டாம் என்ற வசனத்தைச் சொன்னார். பேக்கரிக்காரர் ஆட்டத்தை நிறுத்தினார்.

"அப்படி இல்ல. நான் கும்பிடல. எங்க வீட்டுக்காரம்மா உள்ள இருந்து வரப் பாத்தா. வராத, உள்ள போன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை ஜெபக்கூட்டத்தில் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறோம். எல்லாக் கண்ணீரும் உதைத்தவருக்குத்தான் போனது. அன்றைக்கு நீ எங்கே நின்றாய், என்ன சொன்னாய் என்று கடைக்காரரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. என் நாவல்களிலும் கடைக்காரன் என்பவன் கடைசிப் பக்கத்தில் வந்து மன்னித்துவிட்டுப் போகிற ஆள்தான். அவனுக்கு நான் ஒரு மனைவியைக்கூடக் கொடுத்ததில்லை. அன்று வீட்டுக்குப் போய் வசனத்தை மாற்றி எழுதினேன். நாடகத்துக்கு நாள் நெருங்கிவிட்டதால் கடைசிக் காட்சியை நடித்துப் பார்க்க முடியவில்லை, வாயால் சொல்லிப் பார்த்ததோடு சரி.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் பங்கு மண்டபத்தில் நாடகம். மேகம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிட்டது. குல்லாவும் ஸ்வெட்டருமாக ஊரே உட்கார்ந்திருந்தது. நான் திரைக்குப் பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பேக்கரிக்காரர் நுழைந்தபோதே விசில் பறந்தது. அலமாரியை உதைத்தார், அது முன்வரிசை வரை போய் விழுந்தது, கைதட்டல் அடங்கவில்லை. அடுத்து அவர் வெளியேற வேண்டும். வெளியேறவில்லை. மேசையில் அலங்காரத்துக்கு வைக்க அவரே கொண்டுவந்திருந்த தேங்காய் பன்களில் ஒன்றை எடுத்தார். கடைக்காரராக நின்ற ஜீப்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாகக் கடித்து, மென்று, முழுசாகத் தின்று முடித்தார். பிறகு, "நல்லாருக்கு," என்றார். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இது என் நாடகத்தில் இல்லை. பசிக்கிறதாக்கும் என்று ஜனங்கள் சிரித்தார்கள். ஜீப்காரர் சிரிக்கவில்லை. பாடகர் குழு பாட்டுப் பாடி முடிக்கும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குப் பயமாக இருந்தது.

கடைசிக் காட்சி. திருந்திய ரவுடியாகப் பேக்கரிக்காரர் வந்து, ஜீப்காரர் காலடியில் மண்டியிட்டார்.

"அண்ணாச்சி, என்னை மன்னிச்சிருங்க."

எந்திரி தம்பி, உன்னை மன்னிச்சிட்டேன் என்று ஜீப்காரர் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நான் திரைமறைவில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கொடுத்தேன். மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும், அவர் காதில் மட்டும் விழவில்லை. குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு நான் பன்னு தின்னனாண்ணே?"

"தின்னீங்க. நல்லாருக்குன்னு வேற சொன்னீங்க."

"எனக்கு நெனப்பே இல்லண்ணே."

"தெரியும். அலமாரிக்குத்தான எப்பவும் மன்னிப்புக் கேட்டீங்க. அலமாரி கெடக்கு விடுங்க. வெள்ளனே எந்திரிச்சு நானும் அவளும் சுட்டது அது. உள்ள இருந்து அவ பாத்துக்கிட்டு நின்னா."

சின்னப் பிள்ளைகளின் பாட்டுக்காகத் தரையோரம் ஒரு மைக் வைத்திருந்தார்கள். அதை எடுக்க எல்லோரும் மறந்துவிட்டோம். இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைவரை போனது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர் மனைவி முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஜீப்காரர் கண்ணில் இருந்து கண்ணீர் கொட்டியது. ரொட்டிக் கடை வாசலில் அத்தனை தரம் சரளமாக மன்னிப்புக் கேட்டவருக்கு, இப்போது அதைக் கேட்கவும் முடியவில்லை, எழுதிக் கொடுத்தபடி மன்னிக்கவும் முடியவில்லை.

"நான் எந்த வாயால அதச் சொல்ல?" என்றார்.

பேக்கரிக்காரர் ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"சொல்லிருங்க. நீங்க சொன்னாத்தான் நான் எந்திரிக்க முடியும். முட்டு கழண்டுரும் போல இருக்கு."

மண்டபம் சிரித்தது. அழுதுகொண்டே சிரித்தது, நானும் அப்படித்தான். ஜீப்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உடைந்த குரலில், என் வசனத்தை ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

"எந்திரி தம்பி. உன்னை மன்னிச்சிட்டேன்."

பேக்கரிக்காரர் அவர் கையைப் பிடித்தார். அந்தப் பிடியிலேயே மெல்ல எழுந்து நின்று, மை கரைந்து கன்னத்தில் ஒழுகிய மீசையோடு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நானும்தான் தம்பி," என்றார்.