வெள்ளைப் பூ வந்த பிறகும்

சாமியிடம் பூ கேட்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. நானே கேட்டிருக்கிறேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துச் சந்நிதியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். என் வீட்டுக்காரர் இதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வெள்ளை வந்தால் மறுபடியும் கேட்க வேண்டும்.

அப்போது எங்களுக்கு அண்ணாமலையார் கோயில் தேரடித் தெருவில் தேங்காய், கற்பூரக் கடை. கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனார் புருஷனை இழந்த வருஷம் அது. மாமியார் வீட்டில் அவளை விடிந்ததும் கடலைக்கொல்லை வேலைக்கு விரட்டிவிட்டு, மிஞ்சியதைப் போட்டார்கள். "அண்ணா வந்து கூட்டிக்கினு போவட்டும்" என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்காரர் அழுதார். நிஜமாகவே அழுதார். பிறகு முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு, "சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்றார்.

"கூடப் பொறந்தவளைக் கூட்டியாறதுக்கு உத்தரவு எதுக்குங்க?"

"சம்பந்தி வீட்டுப் பகை. உனக்குத் தெரியாது. அவர் சரின்னா எனக்குத் தைரியமா இருக்கும்."

நியாயமாகத்தான் பட்டது. பயந்த பிள்ளை அப்பன் கையைப் பிடிப்பதில் என்ன தப்பு?

எங்கள் சின்னப் பெண் எடுத்தாள். வெள்ளை.

"இடது கையால எடுத்துட்டா" என்றார்.

மறுநாள் வலது கையால் எடுத்தாள். வெள்ளை. அன்றைக்கு அஷ்டமியாம். அஷ்டமி, நவமி கழிந்து, நல்ல நாள் பார்த்து அடி அண்ணாமலைக் கோயிலுக்கு நடந்தோம். அங்கே இருப்பவர் பெரிய கோயில் அண்ணாமலையாருக்கும் மூத்தவராம், அவர் சொல்லுக்கு மேல் அப்பீல் கிடையாதாம். அவரும் வெள்ளையே கொடுத்தார்.

"பல்லி ஒண்ணும் சொல்லலையே" என்று இவர் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

குருக்கள் பொறுமைசாலி. "அவர் சொல்லிட்டாரே. இன்னும் எத்தனை வாட்டி சொல்லணும்ங்கறீங்க?"

"ஒரு நிம்மதிக்குத்தான் சாமி."

"உங்களுக்கா, அவருக்கா?"

திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. சிவப்பு வந்திருந்தால் இவர் முதல் தடவையே நம்பியிருப்பார்.

மறுநாள் காலையில் அவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் புடவை மாற்றிக்கொண்டு வந்தேன்.

"எங்கே கிளம்பிட்டே?"

"கீழ்பென்னாத்தூருக்கு. உத்தரவுதான் ஜாஸ்தியாவே இருக்கே."

"நான் இன்னும் கேட்டு முடிக்கலையே."

"நீங்க கேட்டுக்கினே இருங்க. கடையையும் கொஞ்சம் பாத்துக்குங்க."

பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். சம்பந்தியம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "யாரைக் கேட்டுக்கினு வந்தே?"

"அண்ணாமலையாரை. இவ அண்ணன் மூணு வாட்டி கேட்டாரு."

அந்தம்மாளும் சாமிக்குப் பயந்தவள். முணுமுணுத்துக்கொண்டே வழிவிட்டாள்.

சாயங்காலம் நாத்தனார் மூட்டையோடு எங்கள் கடை வாசலில் வந்து நின்றாள். வெயிலில் கறுத்து, பாதியாகியிருந்தாள். வீட்டுக்காரர் கண் கலங்க ஓடிவந்தார்.

"பாத்தியாம்மா, அண்ணாமலையார் கைவிடலை. உனக்காக ஒரு வாரமா கேட்டுக்கினே இருந்தேன்."

"அந்த ஒரு வாரமும் நான் கொல்லையிலதாண்ணா இருந்தேன்" என்றாள்.

அவர் மூட்டையை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.