ஏளா, கதவத் தொற

சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தள்ளி நிறுத்தும்போது இரும்பில் இரும்பு மோதி, ஸ்பிரிங் ஒருதரம் முனகி அடங்குமே, அந்தச் சத்தம் இன்றைக்கும் எங்கேயாவது கேட்டால் நான் நின்றுவிடுவேன். அடுத்து ஒரு குரல் வரவேண்டும் என்று காது தானாகக் காத்துக்கொண்டு நிற்கும். என்ன செய்ய, பழகின காது அப்படி.

பாளையங்கோட்டையில் நாங்கள் இருந்த வீட்டு வாசலில் அப்பா சாயங்காலம் சைக்கிளை நிறுத்துவார். கோர்ட்டில் குமாஸ்தா வேலை. ஸ்டாண்டு சத்தம் அடங்குவதற்குள் "ஏளா, கதவத் தொற" என்று அம்மாவைக் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் 'ஏளா' என்று ஒரு பெண்ணைக் கூப்பிட உரிமை வேண்டும். இல்லாதவன் கூப்பிட்டால் செருப்பு பறக்கும். அப்பா அதில் அதட்டலையும் கொஞ்சலையும் சேர்த்தே வைத்திருந்தார், கடைசி எழுத்தை மட்டும் கொஞ்சம் இழுப்பார். வராந்தாக் கூண்டில் இருந்த எங்கள் கிளி, அதன் பெயர் ராசா, இந்த ஒரு வாக்கியத்தைத்தான் கற்றுக்கொண்டது. கிறிஸ்தவ வீட்டுக் கிளி ஆயிற்றே, 'தோத்திரம்' சொல்ல வைக்கவேண்டும் என்று அம்மா கோவைப்பழத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள், பழம் போனதுதான் மிச்சம். தெருவில் யார் சைக்கிளை நிறுத்தினாலும் சரி, பால்காரரோ தபால்காரரோ, ராசா அப்பாவின் குரலில், அதே இழுப்போடு, "ஏளா, கதவத் தொற" என்று கத்தும். அம்மா பாதிச் சமையலில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ஏமாந்து நிற்பாள். "ஒன் நாக்க அறுக்கேன் பாரு" என்று கிளியைத் திட்டுவாள், அப்பா வந்தபிறகு அவருக்கும் சேர்த்து ஒரு திட்டு விழும்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கையில் அப்பா கோர்ட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான், ஆள் இல்லை. அடக்கம் முடிந்து வீட்டில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது, எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம், வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தினார்கள். "ஏளா, கதவத் தொற." ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தவருக்கே வாய் அடைத்துவிட்டது. அம்மா எழுந்து கதவுவரை போய்விட்டாள். போனபிறகுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது, தாழ்ப்பாளில் கையை வைத்தபடி அப்படியே நின்றாள்.

அப்பாவின் அக்கா, ராதாபுரத்து அத்தை, மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். "செத்தவன் கொரல்ல பேசுத பட்சிய வீட்ல வைக்கப்படாது. கிளிப்பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லுதேன், கேளு, யாருக்காவது குடுத்துரு." அம்மா கொடுக்கவில்லை. சாயங்காலம் ஆனால் கூண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். குரல் வரும். "ம்" என்பாள். எனக்கு அந்த 'ம்' பயமாக இருந்தது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளை எழுப்பவேண்டுமானால் அது வரும்வரை பொறுக்கவேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டேன். என் அம்மாவை அந்தக் கிளிதான் அப்போது நிறுத்தி வைத்திருந்தது.

ஒன்றை நாங்கள் மறந்துபோனோம். ராசாவின் இறக்கை வளர வளர அம்மாவின் தையல் கத்தரியால் அதைப் பைய வெட்டிவிடுவது அப்பாவின் வேலை. அவர் போனபிறகு அரிசிக்கு என்ன வழி, என் படிப்புக்கு என்ன வழி என்று யோசித்தோமே தவிர, கிளியின் இறக்கை வளர்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு சனிக்கிழமை காலை அம்மா வழக்கம்போல அதைத் தோளில் வைத்துக்கொண்டு தேங்காய் துருவினாள். குக்கர் விசில் அடித்தது. மிரண்டு எழும்பின ராசா, தான் பறப்பது தனக்கே தெரியாத மாதிரி ஒருமுறை சுவரில் மோதி, நிமிர்ந்து, முற்றத்து வழியாக மேலே போயேவிட்டது. அம்மா துருவலைக் கையில் பிடித்தபடி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குக்கர் அடுத்த விசிலும் அடித்து முடித்தது.

தெருத்தெருவாகத் தேடினோம். அம்மா சோற்றில் கை வைக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், மறுபடி வானத்தைப் பார்ப்பாள். அவளும் போய்விடுவாளோ, பிறகு நான் ராதாபுரத்தில் அத்தையிடம் போய் நிற்கவேண்டுமோ என்று பயந்து அவள் பின்னாலேயே திரிந்தேன். ஊரில் உள்ள கிளியெல்லாம் சாயங்காலம் ஆற்றங்கரை மருதமரங்களில்தான் அடையும் என்று யாரோ சொல்ல, இரண்டு பேரும் டவுன் பஸ் ஏறி ஆற்றோரக் கொக்கிரகுளத்தில் இறங்கினோம்.

மரம் முழுக்கக் கிளிக்கூச்சல். எது ராசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெருவில் நாலு பேர் நின்றால் தலையைக் குனிந்துகொண்டு போகிற என் அம்மா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணாந்து, அப்பா கூப்பிடுகிற அதே இழுப்போடு, "ஏளா... கதவத் தொற!" என்று கத்தினாள். குரல் உடைந்தது. மறுபடியும் கத்தினாள். "ஏளா! ஏளா!"

படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் பதறிவிட்டார்கள். 'ஏளா' என்றால் பெண்பிள்ளை அல்லவா, எவளோ ஒருத்தி ஆற்றோடு போய்விட்டாள் என்றே நினைத்துவிட்டார்கள். "ஏலே, பிள்ள தண்ணிக்குள்ள போயிட்டு போலுக்கு, எறங்குலே!" என்று ஒருவர் தண்ணீரில் பாய்ந்தார், பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். முங்கி முங்கித் தேடுகிறார்கள். கரையில் ஒருவர் அம்மாவின் தோளைப் பிடித்து, "எந்தப் பக்கம் போனா? என்ன கலர் பாவாட? சொல்லுங்கம்மா!" என்று உலுக்குகிறார். அம்மா மரத்தைக் கைகாட்டினாள். கடைசியில் நான்தான், "பச்ச" என்று அழுதேன், "பச்சக்கிளி."

முதலில் பாய்ந்தவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று எங்களை முறைத்தார். பஸ் ஸ்டாப்புப் பக்கத்து டீக்கடை அண்ணாச்சி அவர். "கிளிக்கா வே இந்தப் பாடு? உசுரு போயித் திரும்பிருக்கு எங்களுக்கு" என்று கத்திக்கொண்டே கரையேறினார். நான் விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன், அப்பா, சைக்கிள், ஜெபம், குக்கர் வரைக்கும். அவர் துண்டைப் பிழிந்து தலையைத் துவட்டினார், ரொம்ப நேரம் துவட்டினார். "வீடு எங்கன?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் அண்ணாச்சி மஞ்சள் பை ஒன்றோடு வாசலில் நின்றார். ஏரலில் அவர் மச்சான் தோப்பில் ஆளைக் கண்டால் பயப்படாத ஒரு கிளி வந்து உட்கார்ந்ததாம், பிடித்து வந்துவிட்டார். கழுத்து வளையம், மூக்கு, எல்லாம் ராசா மாதிரியே இருந்தது. எந்தப் பச்சைக்கிளிதான் அப்படி இருக்காது? அம்மா அதைக் கூண்டில் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம், "அப்பா சைக்கிள வெளிய எடு. தெருமொன வரைக்கும் உருட்டிட்டுப் போயி, வந்து ஸ்டாண்டப் போடு" என்றாள்.

அப்பா போனபிறகு அந்தச் சைக்கிளை யாரும் தொடவில்லை. டயரில் காற்று இல்லை. உருட்டிக்கொண்டு போய்த் திரும்பினேன். மூடின கதவுக்குப் பின்னால் அம்மா நிற்கிறாள் என்று தெரியும். ஆண்டவரே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று சொல்லிக்கொண்டே ஸ்டாண்டைத் தள்ளினேன். சத்தம் வந்து அடங்கியது. கூண்டில் இருந்து ஒன்றும் வரவில்லை. எடுத்து மறுபடி போட்டேன்.

"முருகா!" என்றது கிளி. கணீரென்று. "முருகா! முருகா!"

வராந்தாவில் நின்ற அண்ணாச்சி, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தவர், சட்டென்று இறக்கிவிட்டுக்கொண்டார், கன்னத்தில் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று எங்கள் சுவரில் தொங்கின பைபிள் வசனப் படத்தைப் பார்த்தார். உள்ளே ஒரு சத்தம். அம்மா அழுகிறாள் என்று ஓடினேன். அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கவும் செய்தாள். அடக்கத்தன்றும் அழாதவள் அன்றைக்கு அழுதாள். அப்புறம் அண்ணாச்சிக்குக் காப்பி போட்டாள், தானும் குடித்தாள், அவள் குடித்த அந்த ஒரு தம்ளர் காப்பி எனக்குப் போதும்போல இருந்தது.

வேறு யார் வீட்டுக் கிளியோ. தேடி யாரும் வரவில்லை, எங்களோடேயே இருந்தது. "ஏசப்பா, ஊழியக்காரரு வாற வீட்ல இது என்னளா கூத்து?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் ராசா ஏதோ ஒரு முருக பக்தர் வீட்டில் உட்கார்ந்து, அந்த அம்மாளைப் போட்டு ஏளா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும் என்பாள் அம்மா. இதன் இறக்கையை அவள் வெட்டவிடவில்லை. கத்தரி தையல் மெஷினிலேயே கிடந்தது.

அப்பா பேசினதை இதற்கு அவள் சொல்லிக் கொடுத்ததாக நான் பார்த்ததில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் இருந்து சீக்கிரம் வந்தேன். பக்கத்து வீட்டில் யாரோ சைக்கிளை நிறுத்தினார்கள். "முருகா! ஏளா, கதவத் தொற" என்று எங்கள் வராந்தாவில் இருந்து குரல் வந்தது. வார்த்தை அப்பாவுடையது. குரல் அம்மாவுடையது. நான் இல்லாத பகலில் அவள் எத்தனை தடவை அதைத் தனக்குத்தானே சொல்லியிருந்தால் கிளி பிடித்திருக்கும்! நான் திரும்பித் தெருமுனைக்குப் போய், வழக்கமான நேரத்துக்கு வந்தேன். சில வருஷம் கழித்து ஒரு கோடையில் அதுவும் கூட்டத்தோடு பறந்துவிட்டது. நான் பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தேன். "போட்டும்" என்றாள், "கதவு தொறந்துதான கெடக்கு."

இப்போது அந்தத் தெரு இருக்கிறது, வீடு இல்லை. கிளி வளர்ப்பது குற்றம் என்று சட்டம் இருப்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அப்பாவின் குரலை எதிலும் பதிந்து வைக்கவில்லை, அதை நினைத்துப் பார்த்தால் எனக்குக் கிளியின் குரல்தான் வருகிறது, அதுவும் எந்தக் கிளி என்று குழம்புகிறது. நானும் அம்மாவும் மாடி வீடொன்றில் இருக்கிறோம். வாசலில் காலிங்பெல் உண்டு, நான் அதைத் தொடுவதில்லை. ஆபீஸ் விட்டு வந்து ஸ்கூட்டர் ஸ்டாண்டைப் போட்டு, படியேறி, பெற்ற தாயை அப்படிக் கூப்பிடலாமா என்று எதிர்வீட்டுக்காரர்கள் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், "ஏளா, கதவத் தொற" என்கிறேன்.

உள்ளே நாற்காலி நகரும். முட்டுவலியோடு அம்மா எழுந்திருப்பாள்.

"ஆரு, முருகனா? பைய வாறேன், இரு."