பென்னாகரத்து நீல விளக்கு

"ஏங்க, இந்தப் பென்னாகரம் சர்வருக்கு என்னங்க வியாதி? வெளக்கு எரியுது, அணையுது, திரும்ப எரியுது. கல்யாண வூட்டு சீரியல் செட்டா இது?"

சர்வரில் நடப்பதெல்லாம் பதிவாகும் சேஞ்ச் லாகை மேனேஜர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார். வியாதி சர்வருக்கு இல்லை, எனக்கும் மாதம்மா அக்காவுக்கும்தான் என்று எப்படிச் சொல்வது?

தருமபுரியில் ஒரு தனியார் பால் கம்பெனியின் ஐ.டி. பிரிவில் எனக்கு வேலை. பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, பென்னாகரம் என்று பால் குளிரூட்டும் நிலையங்கள். யார் எவ்வளவு பால் ஊற்றினார், அதில் கொழுப்பு எவ்வளவு என்பதெல்லாம் அங்கங்கே உள்ள சர்வரில் ஏறும். நான் தருமபுரியில் இருந்தபடியே ரிமோட் கன்சோலில் நுழைந்து, எந்தச் சர்வரில் என்ன டிஸ்க், எவ்வளவு ரேம், என்ன சீரியல் நம்பர் என்று இன்வென்டரி எடுப்பேன். ஏதாவது மாறியிருந்தால் ஏன் என்று கேட்பேன். தனிக்குடித்தனம் போன மருமகளின் அடுப்படியை விடாமல் வேவு பார்க்கும் மாமியார் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கன்சோலில் ஒரு பட்டனை அமுக்கினால் அந்தச் சர்வரின் முகப்பில் நீல விளக்கு எரியும். நான்கைந்து சர்வர்கள் இருக்கும் இடத்தில், இதுதான் என்று அடையாளம் காட்டுவதற்காக வைத்தது. சர்வரிலும் அதே விளக்குக்கு ஒரு பட்டன் உண்டு.

பென்னாகரம் நிலையத்துக்குள் செல்போன் சிக்னல் கிடையாது. அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மாதம்மா அக்காவிடம் பேச வேண்டுமென்றால், அவர் கேட்டுக்கு வந்து நிற்க வேண்டும். அவரை எப்படி வரச் சொல்வது? "நீலம் எரிஞ்சா எனக்குப் போன் பண்ணுங்கக்கா" என்று சொல்லிவைத்தேன். அவருக்கு ஏதாவது என்றால் அவரே பட்டனை அமுக்குவார், என் திரையில் தெரியும். ஏ.சி. ஒழுகினால் விளக்கு. கரண்ட் போனால் விளக்கு. ஒருமுறை விளக்கைப் பார்த்துப் பதறிக் காத்திருந்தேன். "ஒண்ணுமில்லம்மா, இன்னிக்கு களியும் கருவாட்டுக் கொழம்பும் கொண்டாந்தேன். நீ சாப்டியா?" என்றார். அதுவும் லாகில் ஏறியது.

மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "இது காலிங் பெல் இல்லீங்க! இனிமே காரணமில்லாம எரிஞ்சா உங்களத்தான் கேப்பேன்."

அதை அப்படியே அக்காவிடம் ஒப்பித்தேன். "அந்தாளு உன்ன திட்ட நான் வுட்ருவனா?" என்று கொதித்தார்.

அடுத்த சனிக்கிழமை, பென்னாகரத்தில் புது சர்வருக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த பழைய சர்வரை ஒழிக்கும் வேலை. சேலத்திலிருந்து கோகுல் என்ற இன்ஜினியர் வந்திருந்தார். பழைய டிஸ்க்குகளைக் கழற்றி, அதிலுள்ள தகவலை யாரும் எடுக்க முடியாதபடி அங்கேயே ட்ரில் போட்டு ஓட்டையாக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. இரண்டு சர்வரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். குழப்பம் வேண்டாமென்று பழையதில் நீல விளக்கைப் போட்டேன். ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டிருந்த கோகுலைப் போனில் பிடித்து, "நீலம் எரியறதுதான் பழசு, அதைக் கழட்டுங்க" என்றேன். காரணத்தோடு போட்ட விளக்கு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கொஞ்ச நேரத்தில் கன்சோலில் வரிகள் விழுந்தன. பவர் ஆஃப். முதல் டிஸ்க் நீக்கப்பட்டது. இரண்டாவது டிஸ்க் நீக்கப்பட்டது. திருப்தியாக டிக் அடிக்கப் போன கை, சர்வரின் பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டது. புது சர்வர்! வாராந்திர பேக்கப் இன்னும் ஓடவில்லை. அந்த வாரம் பால் ஊற்றியவர்களின் கணக்கு முழுக்க அந்த இரண்டு டிஸ்க்கில்தான் இருந்தது. அது போனால் ஊரே வந்து நிற்கப்போவது மாதம்மா அக்கா முன்னால்தான். கோகுலைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார்.

அப்போது என் போன் அடித்தது. மாதம்மா அக்கா.

"எதுக்கும்மா கூப்ட்ட? பால் வண்டிக்கு கேட்டு தொறந்து வுட்டுட்டு வரதுக்குள்ள லேட்டாயிடுச்சி."

"நான் கூப்பிடலக்கா!"

"வெளக்கு எரிஞ்சிதே. நீ அவசரத்துல பழசுல போட்டுட்ட. அந்த மேனேஜர் பாத்தா திட்டுவாருன்னு, அத அமுக்கிட்டு நம்ம புதுசுல எரிய வுட்டுட்டு வந்தேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"அக்கா! அந்த இன்ஜினியர் புதுசைக் கழட்டிட்டாரு. ட்ரில் போடப் போறாரு. ஓடுங்க!"

செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு சிக்னல் அறுந்துவிட்டது. நான் கும்பிடாத சாமியில்லை. திரையில் யு.பி.எஸ்.ஸிலிருந்து ஒரு அலர்ட் வந்தது: மெயின் சப்ளை இல்லை. இந்த நேரம் பார்த்துக் கரண்ட் வேறு போய்விட்டதா என்று நொந்துபோனேன்.

மறுபடி போன். அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"கத்துனேன் கத்துனேன், ட்ரில் சத்தத்துல அந்தப் புள்ளைக்குக் காதே கேக்கலம்மா. மெயின இறக்கிட்டேன். ட்ரில்லும் நின்னுச்சி, பால் மிஷினும் நின்னுச்சி, அந்தப் புள்ளையும் பேயறஞ்ச மாதிரி நின்னுட்டான்."

"டிஸ்க் என்னாச்சுக்கா?"

"ஒண்ணுல மேல ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்குது. அவ்ளோதான்."

எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று கோகுலுக்குக் குழம்பிவிட்டது. என் இன்வென்டரியில் ஸ்லாட் வாரியாகச் சீரியல் நம்பர் இருந்தது. நான் போனில் படித்தேன், அக்கா கேட்டிலிருந்து உள்ளே பார்த்துக் கத்தினார், கோகுல் உள்ளிருந்து திருப்பிக் கத்தினார். சர்வர் எழுந்தது. ஒரு வேளைப் பால் கணக்குகூட விடுபடவில்லை. நான் மேசையில் தலைசாய்த்துக் கொஞ்ச நேரம் அழுதேன்.

மேனேஜர் என் விளக்கத்தை இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று நின்றேன். "வேலைய பத்தி அந்தம்மாவுக்கு யாருமே சொல்லலீங்களா?" என்றார். யாருமே சொல்லவில்லை. சேலத்துக்கு மெயில், பெங்களூர் தலைமை அலுவலகத்துக்கு மெயில். மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு வார்த்தை இல்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்.

அன்றைக்கே, எந்த வேலைக்கும் முன்னால் நாங்கள் நிரப்பும் சேஞ்ச் ஃபாரத்தில் மேனேஜர் ஒரு வரி சேர்த்தார்: 'மாதம்மாவிடம் சொல்லியாயிற்றா?' எல்லா ஊருக்கும் ஒரே ஃபாரம்தான். மாதம்மா இல்லாத பாலக்கோட்டிலும் அதற்கு டிக் அடித்தால்தான் வேலை நகரும்.

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டர் அந்த வரியில் விரலை வைத்தார். "இந்த மாதம்மா என்ன சாஃப்ட்வேர் டூல்? லைசென்ஸ் இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்.

"லைசென்ஸெல்லாம் இல்லீங்க. ஆனா மெயின் சுவிட்ச் அவங்க கையிலதான் இருக்குது."